டிரெட்மில் சோதனை: இராமநாதபுரம் கடற்கரை மக்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தொண்டி, தேவிபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி, மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம், இராமேசுவரம் ஆகிய கரையோர ஊர்களிலிருந்து இருதயச் சோதனைக்கு வருபவர்களும், அவர்களுடன் வரும் உறவினர்களும் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் இங்கே தரப்பட்டுள்ளன. இவை பொதுவான விளக்கங்களே. உங்கள் உடல்நிலையை அறிந்த மருத்துவர் வேறுவிதமாகச் சொல்லியிருந்தால் அவர் சொன்னதையே பின்பற்றுங்கள்.

டி.எம்.டி. எடுத்து வரும்படி சீட்டில் எழுதியிருக்கிறார்கள். அது என்ன சோதனை?

ஓடும் பட்டையின்மேல் உங்களை நடக்கவைத்து, அதன் வேகத்தையும் ஏற்றத்தையும் படிப்படியாகக் கூட்டி, இருதயத்தின் வேலை அதிகரிக்க அதிகரிக்க ஈ.சி.ஜி.யும் இரத்த அழுத்தமும் நாடித்துடிப்பும் எப்படி மாறுகின்றன என்று பார்ப்பதே டிரெட்மில் சோதனை. ஊசி, மயக்க மருந்து, அறுவை எதுவும் இதில் இல்லை. நெஞ்சுவலிக்குக் காரணம் இருதய இரத்தக் குழாய் அடைப்புதானா என்று அறியவும், ஏற்கெனவே சிகிச்சை பெற்றவர் எவ்வளவு உழைப்பைத் தாங்குவார் என்று அளக்கவும், உழைக்கும்போது வரும் படபடப்பின் காரணத்தைத் தேடவும் இதை எழுதுவார்கள்.

படுக்கவைத்து எடுத்த ஈ.சி.ஜி. நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். அதற்குப் பிறகும் இது எதற்கு?

இருதயத் தசைக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய்களில் கொழுப்புப் படிந்து பாதை சுருங்கியிருந்தாலும், ஓய்வாக இருக்கும் நேரத்தில் தேவை குறைவு என்பதால், கிடைக்கிற இரத்தம் போதுமானதாகவே இருக்கும். குழாயின் விட்டம் 70 விழுக்காடு சுருங்கிய ஒருவருக்குக்கூட, கட்டிலில் படுத்திருக்கும்போது எடுத்த ஈ.சி.ஜி.யில் ஒரு குறையும் தென்படாமல் போகலாம். அவரே வலை இழுக்கும்போதும், மீன் கூடையைச் சுமந்து மணலில் நடக்கும்போதும், தசை கேட்கும் இரத்தம் பல மடங்கு கூடுகிறது. அப்போதுதான் பற்றாக்குறை வெளிப்படுகிறது. துறையில் கட்டிக் கிடக்கும் விசைப்படகின் இன்ஜின் சீராக ஓடுவதைக் கேட்டதோடு நிறுத்திவிட்டு, ஆழ்கடலில் வலையோடு இழுத்துவிடும் என்று எந்த டிரைவரும் உறுதி சொல்ல மாட்டார். பாரம் கொடுத்துப் பார்ப்பது அதற்காகத்தான், இருதயத்துக்கும் அப்படியே.

எனக்கு இருப்பது வாயுத் தொல்லைதான். சோடா குடித்தால் ஏப்பம் வந்து சரியாகிவிடுகிறது. அப்படியும் சோதனை வேண்டுமா?

இந்தக் கரையில் மிக அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இதுவே. மிகுந்த கவனத்துடன் விடை சொல்லவேண்டிய கேள்வியும் இதுவே. நெஞ்சில் வரும் தொல்லை எல்லாமே இருதய நோய் அல்ல என்பது உண்மை. ஆனால் அது எப்போது வருகிறது, எப்போது போகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். வேலை செய்யும்போது நெஞ்சின் நடுவில் அடைப்பதுபோலவோ, பிசைவதுபோலவோ, கல்லை ஏற்றிவைத்ததுபோலவோ தோன்றி, வேலையை நிறுத்திச் சில நிமிடம் உட்கார்ந்தால் குறைந்துவிடுகிறது என்றால், அது வாயு அல்ல என்று கருதித்தான் மருத்துவர் மேற்கொண்டு செல்வார். சோடா குடிக்க நீங்கள் உட்கார்ந்தீர்கள். வலி தணிந்தது சோடாவாலா உட்கார்ந்ததாலா என்று எண்ணிப் பாருங்கள். வலி இடது கைக்கோ, தாடைக்கோ, முதுகுக்கோ, தொண்டைக்கோ பரவலாம். வலியே இல்லாமல், முன்பு எளிதாகச் செய்த வேலைக்கு இப்போது மூச்சு வாங்குவது மட்டுமே அறிகுறியாக இருக்கலாம். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு நரம்புகள் பாதிக்கப்பட்டிருப்பதால் வலி தெரியாமலேயே இரத்த ஓட்டம் குறைவது உண்டு.

மருத்துவரிடம் சொல்லும்போது உங்கள் வேலையின் பெயராலேயே சொல்லுங்கள். நெஞ்சு வலிக்கிறது என்று மட்டும் சொல்வதைவிட, "போன மாதம்வரை கரைவலையை ஒரே மூச்சில் இழுத்தேன், இப்போது பாதியில் நின்றுவிடுகிறேன்" என்றோ, "தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு வாசல்படி ஏறினால் அடைக்கிறது" என்றோ சொன்னால், அவருக்கு அதிலேயே பாதி விடை கிடைத்துவிடும்.

வலி இப்போதே இருக்கிறது. நாளைக் காலையில் சோதனைக்கு வரலாமா?

கூடாது. ஓய்வாக இருக்கும்போதே நெஞ்சுவலி வந்து 15, 20 நிமிடங்களுக்கு மேல் நீடித்தாலும், வியர்த்துக் கொட்டினாலும், வாந்தியோ மயக்கமோ வந்தாலும், அது அவசரச் சிகிச்சைக்கு உரிய நிலை. டிரெட்மில்லுக்கு உரியது அல்ல. 108-ஐ அழையுங்கள். வெகு தொலைவு போக வேண்டியிருந்தால் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு முதலில் போங்கள். மாரடைப்பு அறிகுறியுடன் வருபவருக்கு இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரைகளை அங்கேயே முதல் தவணையாகக் கொடுத்து மேல் மருத்துவமனைக்கு அனுப்பும் 'இதயம் காப்போம்' திட்டம் தமிழ்நாட்டில் 2023 முதல் நடைமுறையில் உள்ளது. கடலில் இருக்கும்போது இப்படி நேர்ந்தால் தொழிலை நிறுத்திப் படகைக் கரைக்குத் திருப்புவதுடன், படகிலுள்ள வி.எச்.எஃப். வானொலிக் கருவியின் 16-ஆம் சேனலிலோ கடலோரக் காவல்படையின் 1554 என்ற எண்ணிலோ தகவல் சொல்லுங்கள். வலி வந்தவரை எந்த வேலையும் செய்யவிடாமல் சாய்ந்து உட்காரவைத்திருங்கள்.

சில நாட்களாக வலி அடிக்கடி வருகிறது, முன்பைவிடக் குறைந்த வேலைக்கே வருகிறது, தூக்கத்திலிருந்து எழுப்புகிறது என்றாலும், குறித்த தேதிக்குக் காத்திராமல் மருத்துவரிடம் போய்விடுங்கள்.

மீன்பிடி தடைக்காலம் வரும்வரை சோதனையைத் தள்ளிவைக்கலாமா?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாட்களில்தான் விசைப்படகுத் தொழிலாளர்கள் பலர் தங்கள் உடம்பைக் கவனிக்கிறார்கள். மூட்டுவலிக்கும் கண் புரைக்கும் அது பொருந்தும். உழைத்தால் வரும் நெஞ்சுவலியைத் தையில் உணர்ந்துவிட்டுச் சித்திரைவரை தூக்கிச் சுமக்கக் கூடாது. ஒரு நாள் தொழில் போவது இழப்புதான். அதைச் சிறிதாக எண்ணி இதைச் சொல்லவில்லை. ஆனால் கரையிலிருந்து பல மணி நேரத் தொலைவில் மாரடைப்பு வந்தால், அடைப்பை நீக்க வேண்டிய முதல் மணி நேரங்கள் படகிலேயே கழிந்துவிடும்.

யாருக்கு இந்தச் சோதனையைச் செய்யக் கூடாது?

மாரடைப்பு வந்து 2 நாட்கள் ஆகாதவர், ஓய்விலும் வலி வருபவர், இருதயச் செயலிழப்பால் படுத்தால் மூச்சு முட்டுபவர், பெருந்தமனி வால்வு கடுமையாகச் சுருங்கி அதனால் மயக்கமோ வலியோ வருபவர், கட்டுக்குள் வராத இருதயத் துடிப்புக் கோளாறு உள்ளவர், இருதயத் தசை அழற்சி உள்ளவர் ஆகியோரை மருத்துவர் டிரெட்மில்லில் ஏற்ற மாட்டார். சிறுவயதில் மூட்டுக்காய்ச்சல் வந்து வால்வு பாதிக்கப்பட்டிருந்தால் அதை மறக்காமல் சொல்லுங்கள். முதலில் ஒலி அலைகளால் இருதயத்தைப் படமெடுக்கும் எக்கோ எடுத்துப் பார்ப்பார்கள். சோதனையன்று காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ இருந்தால் வேறு நாளுக்கு மாற்றிக்கொள்வதே சரி.

முந்தைய நாளிலிருந்து உணவிலும் மாத்திரையிலும் என்ன கவனிக்க வேண்டும்?

சோதனைக்கு முன் 3 மணி நேரம் திட உணவு வேண்டாம். வயிறு நிறைந்திருந்தால் நடக்கும்போது குமட்டல் வரும். அதற்காக முதல்நாள் இரவிலிருந்தே பட்டினி கிடக்க வேண்டியதில்லை. தண்ணீர் அளவாகக் குடிக்கலாம். காபி, தேநீர், பீடி, சிகரெட், புகையிலை, வெற்றிலைச் சீவலுடன் போடும் சுருட்டுத்துண்டு ஆகியவற்றை அன்று காலையிலிருந்தே தவிருங்கள். இராமேசுவரத்திலிருந்து இராமநாதபுரத்துக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. அதிகாலையில் புறப்பட்டு வருபவர்கள் சோதனை முடிந்ததும் சாப்பிட இட்லியோ பழமோ கையில் எடுத்து வாருங்கள். இரவெல்லாம் கடலில் இருந்துவிட்டுத் தூங்காமல் நேரே சோதனைக்கு வரக் கூடாது. களைப்பில் கால் முதலில் ஓய்ந்துபோகும். இருதயம் பேசுவதற்கு முன்பே சோதனை முடிந்துவிடும்.

மாத்திரைகள் விஷயத்தில் சொந்த முடிவு வேண்டாம். மெட்டோப்ரோலால், அட்டெனோலால், பிசோப்ரோலால் போன்றவை நாடித்துடிப்பைக் கட்டுப்படுத்துவதால், நோய் இருக்கிறதா என்று முதன்முறையாகக் கண்டறியும் சோதனைக்கு ஒன்றிரண்டு நாள் முன்பிருந்தே அவற்றை நிறுத்தச் சொல்வது உண்டு. அதே மாத்திரைகள் போதுமான அளவு வேலை செய்கின்றனவா என்று பார்க்கும் சோதனையாக இருந்தால் வழக்கம்போல் விழுங்கிவிட்டு வரச் சொல்வார்கள். திடீரென்று தானாக நிறுத்துவது வலியைத் தூண்டிவிடும் என்பதால், எழுதிக் கொடுத்தவரிடமே கேட்டுவிடுங்கள். பெயர் தெரியாவிட்டால் மாத்திரை அட்டைகளை அப்படியே ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள்.

சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள், சாப்பிடாமல் அவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு நடந்தால் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். அன்றைய அளவை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். இன்னொன்றையும் கூச்சப்படாமல் சொல்ல வேண்டும். தாம்பத்தியத்துக்காகச் சில்டெனாஃபில், டாடலாஃபில் வகை மாத்திரை எடுத்திருந்தால், நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரேட் மருந்து கொடுக்கும்போது இரத்த அழுத்தம் அபாயகரமாகச் சரிந்துவிடும். முதல் வகைக்கு 24 மணி நேரமும் இரண்டாவதற்கு 48 மணி நேரமும் இந்த ஆபத்து உண்டு. மருத்துவரிடம் தனியாகச் சொன்னால் போதும்.

ரமலான் நோன்பு நாட்களில் சோதனை செய்துகொள்ளலாமா?

அவசரம் இல்லை என்று மருத்துவர் சொன்னால் பெருநாளுக்குப் பிறகு ஒரு தேதி கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது. இந்த ஊர் வெயிலில் பல மணி நேரம் தண்ணீர் குடிக்காமல் இருந்துவிட்டு ஏற்றத்தில் நடந்தால் இரத்த அழுத்தம் இறங்கித் தலைசுற்றல் வரலாம். முடிவும் தெளிவாக வராது. தள்ளிவைக்கக் கூடாத நிலை என்றால், அன்றைய நோன்பை விட்டுப் பின்னர் வைப்பது குறித்து உங்கள் ஆலிமிடம் பேசி முடிவெடுங்கள்.

என்ன உடுத்தி வர வேண்டும்? பெண்களுக்குத் தனி ஏற்பாடு உண்டா?

வேட்டி, கைலி, சேலை ஆகியவற்றுடன் ஓடும் பட்டையில் நடப்பது ஆபத்து, கால் சிக்கும். ஆண்கள் தளர்வான பேன்ட்டும் முன்பக்கம் பொத்தான் வைத்த சட்டையும், பெண்கள் தளர்வான சுடிதாரும் அணிந்து வரலாம். செருப்புடன் நடக்க முடியாது. கான்வாஸ் ஷூ இருந்தால் கொண்டுவாருங்கள். ஷூ போட்டே பழக்கமில்லாதவர் அதற்காகப் புதிதாக வாங்க வேண்டாம், வெறுங்காலுடன் நடக்க விடுவார்களா என்று கேட்டுக்கொண்டால் போதும். நெஞ்சில் எண்ணெய், பவுடர், தைலம் எதுவும் தடவாதீர்கள்.

பெண்களுக்கு ஈ.சி.ஜி. எடுக்க நெஞ்சில் மின்முனை ஒட்டும்போது பெண் செவிலியரோ பெண் டெக்னீஷியனோ இருக்க வேண்டும் என்று கேட்பது உங்கள் உரிமை. நாள் குறிக்கும்போதே சொல்லிவிட்டால் ஏற்பாடு செய்வது எளிது. மேலே அணிந்துகொள்ள முன்பக்கம் திறக்கும் அங்கி கொடுப்பார்கள். தலைத்துணியை அகற்ற வேண்டியதில்லை. ஆண் மருத்துவர் பார்ப்பார் என்ற தயக்கத்தால் சோதனைக்கே வராமல் இருந்துவிடும் பெண்கள் இந்தப் பகுதியில் இருக்கிறார்கள் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

சோதனை அறைக்குள் என்ன நடக்கும்?

முதலில் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துக் கேட்பார்கள். வாசிக்க முடியாவிட்டால் தமிழில் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டுப் போடுங்கள். பிறகு நெஞ்சிலும் வயிற்றின் மேற்பகுதியிலுமாக 10 இடங்களில் மின்முனைகளை ஒட்டுவார்கள். ஆண்களுக்கு அந்த இடங்களில் உள்ள முடியை மழித்து, ஸ்பிரிட் தோய்த்த பஞ்சால் துடைத்து, தோல் லேசாகச் சிவக்கும்வரை சொரசொரப்பான துணியால் தேய்ப்பார்கள், கொஞ்சம் எரியும். உப்புக்காற்றில் வேலை செய்பவர்களின் தோலில் வியர்வையும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்திருந்தால் முனை பிடிக்காது. நடக்கும்போது ஒரு முனை கழன்றால் திரையில் கோடு அலைந்து, உண்மையான மாற்றம் எது, ஆட்டத்தால் வந்தது எது என்று பிரித்தறிய முடியாமல் போகும். ஆகவே தேய்ப்பதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். கம்பிகளை இடுப்பில் கட்டிய சிறு பெட்டியில் இணைத்து, கையில் இரத்த அழுத்தப் பட்டையைச் சுற்றி, படுத்த நிலையிலும் நின்ற நிலையிலும் முதல் ஈ.சி.ஜி. எடுப்பார்கள்.

அதன்பின் பட்டை நகரத் தொடங்கும். பெரும்பாலான இடங்களில், அமெரிக்காவின் சியாட்டில் நகரில் இராபர்ட் புரூஸ் என்ற மருத்துவர் 1960-களில் வகுத்த முறையையே பின்பற்றுகிறார்கள். ஒவ்வொரு கட்டமும் 3 நிமிடம். முதல் கட்டத்தில் மணிக்கு 2.7 கிலோமீட்டர் வேகமும் 10 விழுக்காடு ஏற்றமும் இருக்கும். இரண்டாவதில் 4 கிலோமீட்டரும் 12 விழுக்காடும். மூன்றாவதில் சுமார் 5.5 கிலோமீட்டரும் 14 விழுக்காடும், நான்காவதில் 6.7 கிலோமீட்டரும் 16 விழுக்காடும். வேகத்தைக் கேட்டால் பெரிதாகத் தோன்றாது. ஆனால் 10 விழுக்காடு என்பது 10 மீட்டர் நடந்தால் ஒரு மீட்டர் உயரம் ஏறுவது. குன்றே இல்லாத இந்தக் கரையில் அப்படி ஏறிப் பழகியவர்கள் குறைவு. அதனால் இரண்டாம் கட்டத்திலேயே ஆடுதசை இறுகுவதை உணர்வீர்கள். வயதானவர்களுக்கும் மெலிந்தவர்களுக்கும் ஏற்றமில்லாமல் தொடங்கும் மென்மையான முறை உண்டு.

நிமிர்ந்து, முன்னால் பார்த்து, இயல்பாக அடியெடுத்து வையுங்கள். கைப்பிடியை விரல்களால் தொட்டுக்கொண்டால் போதும். அதை இறுகப் பற்றி உடம்பின் பாரத்தை அதன்மேல் போட்டால் இருதயத்துக்கு வேலை குறைந்து, நீங்கள் தாங்கிய உழைப்பு உண்மையைவிடக் கூடுதலாகக் கணக்கில் வந்துவிடும். ஒவ்வொரு கட்டத்திலும் கைப்பட்டை இறுகி அழுத்தம் பார்க்கும். அப்போது அந்தக் கையைத் தளர்த்தி வைத்திருங்கள்.

220-இலிருந்து வயதைக் கழித்தால் வருவதை உச்ச நாடித்துடிப்பாகக் கொண்டு, அதில் 85 விழுக்காட்டையாவது எட்ட வேண்டும் என்பது பொது இலக்கு. 55 வயதுள்ளவருக்கு உச்சம் 165, இலக்கு ஏறத்தாழ 140. இலக்கைத் தொட்டதும் நிறுத்தியாக வேண்டும் என்பதில்லை. தொடர முடிந்தால் தொடரச் சொல்வார்கள். நடப்பது பொதுவாக 6 முதல் 12 நிமிடம்தான். நின்றபின் இன்னும் 6 முதல் 10 நிமிடம், துடிப்பும் அழுத்தமும் பழைய நிலைக்கு வரும்வரை ஈ.சி.ஜி. ஓடிக்கொண்டிருக்கும். சிலருக்கு மாற்றங்கள் இந்த ஓய்வு நேரத்தில்தான் தோன்றும்; ஆகவே நடை முடிந்துவிட்டதே என்று முனைகளைப் பிய்த்துக்கொண்டு எழக் கூடாது. தயாரிப்பு முதல் முடிவுவரை ஒரு மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும்.

நடக்கும்போது வலி வந்தால் சொல்லலாமா? சொன்னால் தொழிலுக்குத் தகுதியில்லை என்று எழுதிவிடுவார்களோ?

இந்த அச்சம் உண்மையானது. படகில் இடம் போய்விடும் என்று பயப்படும் மீனவரையும், வளைகுடா வேலைக்கான மருத்துவச் சான்று தடைபடும் என்று பயப்படும் இளைஞரையும் சோதனை அறையில் பார்க்கலாம். அவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு நடக்கிறார்கள். கேட்டால் ஒன்றுமில்லை என்று தலையசைக்கிறார்கள். முகம் வெளிறி நெற்றி வியர்ப்பதை வைத்துத்தான் சோதனை நடத்தும் நாங்களே நிறுத்த வேண்டியிருக்கிறது.

தயவுசெய்து மறைக்காதீர்கள். வலியைப் பற்றி நீங்கள் சொல்வது, இந்தச் சோதனையில் இயந்திரம் காட்டும் கோட்டுக்கு இணையான மதிப்புள்ள தகவல். முடிவைக் கணக்கிடும் டியூக் மதிப்பெண் என்ற முறையிலேயே, நடந்த நிமிடங்கள், ஈ.சி.ஜி. கோட்டின் இறக்கம், நெஞ்சுவலி (வந்ததா, அதனாலேயே நிறுத்த வேண்டியிருந்ததா) என்ற மூன்றும் சேர்ந்தே கணக்கில் வருகின்றன. வலியை மறைத்தால் மதிப்பெண் பொய்யாகிவிடுகிறது. அந்தப் பொய்யை நம்பி மருத்துவர் உங்களைக் கடலுக்கு அனுப்புவார். வலி தொடங்கிய உடனேயே, எந்த இடத்தில், எந்த மாதிரி, பத்துக்கு எத்தனை என்று சொல்லுங்கள். இலேசான வலிக்கே உடனே நிறுத்திவிட மாட்டார்கள். கவனத்துடன் தொடர்வதா நிறுத்துவதா என்று அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். தலைசுற்றல், கண் இருட்டல், கடும் மூச்சிரைப்பு, கெண்டைக்கால் வலி ஆகியவற்றையும் சொல்ல வேண்டும். நிறுத்துங்கள் என்று நீங்கள் கேட்டால் நிறுத்தியே ஆக வேண்டும்.

குறை தெரிந்தவர்களில் மிகப் பலர் மாத்திரையோ, அடைத்த குழாயை விரித்துவைக்கும் ஸ்டென்ட்டோ பெற்றுத் தொழிலுக்குத் திரும்புகிறார்கள் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும்.

சோதனையின்போதே மாரடைப்பு வந்துவிடாதா?

மிக அரிது. மாரடைப்போ உயிரிழப்போ நேர்வது 10,000 சோதனைகளுக்கு ஒன்று முதல் ஐந்து வரை என்ற அளவிலேயே ஆய்வுகளில் பதிவாகியுள்ளது. அதுவும் நோய் முற்றியவர்களையும் சேர்த்த கணக்கு. அறையில் மின்னதிர்ச்சிக் கருவியும் ஆக்சிஜனும் அவசர மருந்துகளும், உடனே அழைத்தால் வரக்கூடிய மருத்துவரும் இருக்க வேண்டும். இவை இருக்கின்றனவா என்று நீங்கள் கேட்கலாம். கேட்டால் கோபித்துக்கொள்ளும் இடத்தில் சோதனை செய்துகொள்ளாதீர்கள் என்பதே என் கருத்து.

அம்மாவுக்கு முழங்கால் தேய்மானம். நடக்கவே முடியாது. என்ன செய்வது?

நடக்க முடியாதவர்களுக்கு மருந்தால் இருதயத்தை வேலை செய்யவைக்கும் முறைகள் உள்ளன. டோபுடமின் என்ற மருந்தை இரத்தக் குழாய் வழியாக, அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிச் செலுத்தி, துடிப்பு உயரும்போது எக்கோ கருவியால் இருதயச் சுவர்களின் அசைவைப் பார்ப்பது ஒன்று. இரத்தம் குறைவாகப் போகும் பகுதியின் அசைவு மந்தமாகும். படபடப்பும் உள்ளங்கை நடுக்கமும் தோன்றும். மருந்தை நிறுத்திய சில நிமிடங்களில் அடங்கிவிடும். மற்றொன்று, டெக்னீஷியம் போன்ற கதிரியக்கப் பொருளை மிகச் சிறிய அளவில் செலுத்திப் படமெடுப்பது. இது பெரிய நகரங்களின் மருத்துவமனைகளில்தான் கிடைக்கும். அதில் அடினோசின், டைபிரிடமோல் மருந்துகளைப் பயன்படுத்தினால், முந்தைய நாளே காபி, தேநீர், கோலா ஆகியவற்றை முற்றிலும் நிறுத்த வேண்டும்; ஆஸ்துமா இருந்தால் கட்டாயம் சொல்ல வேண்டும். இருதயத்தின் மின்பாதையில் ஏற்படும் இடது கிளைத் தடை, துடிப்பைச் சீராக்கப் பொருத்தும் பேஸ்மேக்கர் போன்றவற்றால் ஈ.சி.ஜி. ஏற்கெனவே மாறியிருப்பவர்களுக்கும் இத்தகைய படச்சோதனையே பொருந்தும்.

அறிக்கையில் உள்ளவற்றை எப்படிப் புரிந்துகொள்வது?

நெகட்டிவ் என்றால், போதுமான உழைப்பிலும் குறை தென்படவில்லை. பாசிட்டிவ் என்றால், இரத்தப் பற்றாக்குறைக்கான அடையாளம் தெரிந்தது, ஈ.சி.ஜி. கோட்டின் எஸ்.டி. என்ற பகுதி ஒரு மில்லிமீட்டரோ அதற்கு மேலோ கிடையாகவோ சரிவாகவோ இறங்கியிருக்கும். இலக்குத் துடிப்பை எட்டாமல் நிறுத்தியிருந்தால் முடிவு சொல்ல இயலாது என்று எழுதுவார்கள். அதை நெகட்டிவ் என்று எண்ணிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடாதீர்கள்.

மெட் என்ற எண்ணையும் பாருங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடல் செலவிடும் ஆக்சிஜன் ஒரு மெட். அதைப்போல எத்தனை மடங்கு உழைப்பைத் தாங்கினீர்கள் என்பதே அந்த எண். மூன்றாம் கட்டத்தை முழுதாக முடித்தவர் ஏறக்குறைய 10 மெட் தாங்கியவர். வரும் ஆண்டுகளில் அவருக்கு இருதய அபாயம் குறைவு என்பது பல ஆய்வுகளின் முடிவு. நின்ற முதல் நிமிடத்தில் துடிப்பு எவ்வளவு இறங்கியது என்பதும் முக்கியம். மெதுவாக நடந்து ஓய்வெடுக்கும்போது 12-க்கு மேல் இறங்காவிட்டால் மருத்துவர் கூடுதலாக விசாரிப்பார். நடக்க நடக்க இரத்த அழுத்தத்தின் மேல் எண் ஏறுவது இயல்பு; இறங்குவதுதான் கவலைக்குரியது.

நார்மல் என்று வந்துவிட்டால் இனி கவலையே இல்லையா?

இருதயக் குழாய் அடைப்பு உள்ள 100 பேரை டிரெட்மில்லில் ஏற்றினால் ஏறக்குறைய 68 பேரை இது பிடிக்கும். அடைப்பு இல்லாத 100 பேரில் ஏறக்குறைய 77 பேரை இல்லை என்று சரியாகச் சொல்லும். எனவே தவறவிடுவதும் உண்டு, வீணாகப் பயமுறுத்துவதும் உண்டு. குழாயைப் பாதிகூட அடைக்காத கொழுப்புப் படிவு டிரெட்மில்லில் தெரியாது. அதே படிவு ஒருநாள் வெடித்து அதன்மேல் இரத்தம் உறைந்தால் மாரடைப்பு வரும். ஆகவே நார்மல் அறிக்கை வந்த பிறகும் பீடியை விடுவதும், சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் கட்டுக்குள் வைப்பதும், கருவாட்டு உப்பைக் குறைப்பதும் தேவைதான். நார்மல் வந்த மறுவாரமே ஓய்வில் நெஞ்சு அடைத்தால், அறிக்கையைக் காட்டிச் சமாதானம் சொல்லிக்கொள்ளாமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

பெண்களுக்கு இது சரியாகக் காட்டாது என்கிறார்களே?

பெண்களிடம் அடைப்பு இல்லாமலேயே கோடு இறங்கிக் காட்டுவது ஆண்களைவிட அதிகம். அதனால் சோதனையே வேண்டாம் என்பதல்ல. ஐயம் இருந்தால், இருதயத்தை வேலை செய்யவைத்து எடுக்கும் ஸ்டிரெஸ் எக்கோவோ, சி.டி. கருவியில் இருதயக் குழாய்களைப் படமெடுக்கும் சி.டி. ஆஞ்சியோவோ கூடுதலாக எழுதுவார்கள். இதைவிடப் பெரிய சிக்கல், பெண்கள் மருத்துவரிடம் வருவதே தாமதம் என்பதுதான். பாசி எடுக்க மண்டபம் பக்கத்துத் தீவுகளை ஒட்டி மூழ்கி எழும் பெண்கள், மூச்சு முன்போல் நிற்கவில்லை, தோள்பட்டை வலிக்கிறது, காரணமில்லாமல் அசதியாக இருக்கிறது என்பதையெல்லாம் வயது ஏறிவிட்டது என்று ஒதுக்கிவிடுகிறார்கள். உழைக்கும்போது வந்து ஓய்வில் போகும் எந்த மாற்றத்தையும் சொல்லுங்கள்.

பாசிட்டிவ் வந்துவிட்டது. உடனே ஆபரேஷனா?

இல்லை. எந்தக் கட்டத்தில், எவ்வளவு மாற்றம் வந்தது என்பதைப் பொறுத்தது. முதல் கட்டத்திலேயே வலியும் கோட்டு இறக்கமும் அழுத்தச் சரிவும் சேர்ந்து வந்தால் விரைவில் ஆஞ்சியோகிராம் தேவைப்படும். அன்றே சேரச் சொல்லவும் கூடும். நன்றாக நடந்து, கடைசிக் கட்டத்தில் இலேசான மாற்றம் மட்டும் வந்தவருக்கு முதலில் மாத்திரைகளே போதும் என்று மருத்துவர் முடிவெடுக்கலாம். ஆஞ்சியோகிராம் என்பது மணிக்கட்டு வழியாகவோ தொடை வழியாகவோ மெல்லிய குழாயைச் செலுத்திப் படமெடுப்பது. அதுவே ஆபரேஷன் அல்ல.

செலவும் காப்பீடும் எப்படி?

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை பாதுகாப்பு உண்டு. சோதனைக்கு மட்டும் அது பொருந்துமா, ஆஞ்சியோவுக்கும் ஸ்டென்ட்டுக்கும் எப்படி என்பதை மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் அட்டையைக் காட்டிக் கேளுங்கள். இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்கோ போவதானால், சோதனை எந்தக் கிழமைகளில் நடக்கிறது என்று விசாரித்துக்கொண்டு புறப்படுங்கள்.

ஸ்டென்ட் வைத்தவர் மீண்டும் கடலுக்குப் போகலாமா?

பலர் போகிறார்கள். சிகிச்சை முடிந்து சில வாரங்கள் கழித்து மருத்துவர் மறுபடி டிரெட்மில்லில் நடக்கவைத்து, தாங்கும் அளவைப் பார்த்துச் சொல்வார். ஆனால் இச்சோதனை கால்களின் உழைப்பையே அளக்கிறது. வலை இழுப்பதும் நங்கூரம் தூக்குவதும் கையாலும் தோளாலும் மூச்சை அடக்கிச் செய்யும் வேலைகள், அவை இரத்த அழுத்தத்தை வேகமாக ஏற்றும். எனவே என்ன வேலை செய்வீர்கள், எத்தனை நாள் கடலில் தங்குவீர்கள் என்பதை விரிவாகச் சொல்லி அனுமதி வாங்குங்கள். மாரடைப்புக்குப் பின் ஸ்டென்ட் வைத்தவர்கள் இரத்தம் உறையாமலிருக்க இரண்டு மாத்திரைகளைப் பெரும்பாலும் ஓராண்டு சேர்த்து எடுக்க வேண்டியிருக்கும். அவற்றை ஒரு நாளும் விடக் கூடாது. பல நாள் தங்கி மீன்பிடிக்கும் தங்கல் கடலுக்குப் போகும் நாட்களைவிடக் கூடுதலான மாத்திரைகளை நனையாத டப்பாவில் வைத்துக்கொள்ளுங்கள். இம்மாத்திரைகளால் மீன் முள் குத்தினாலும் கத்தி பட்டாலும் இரத்தம் எளிதில் நிற்காது; சுத்தமான துணியால் 10 நிமிடம் விடாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும்.

அறிகுறி எதுவும் இல்லை. முழு உடல் பரிசோதனைத் தொகுப்பில் ஆண்டுதோறும் இதையும் சேர்த்துக்கொள்ளலாமா?

அறிகுறியும் இல்லாமல், சர்க்கரை, இரத்த அழுத்தம், புகை, இளவயதில் மாரடைப்பு வந்த குடும்ப வரலாறு ஆகியவையும் இல்லாதவருக்கு ஆண்டுதோறும் டிரெட்மில் தேவையில்லை. தவறான பாசிட்டிவ் வந்து, தேவையற்ற ஆஞ்சியோவரை இழுத்துச் செல்லும் வாய்ப்பே அவர்களுக்கு அதிகம். அந்தப் பணத்தில் இரத்த அழுத்தம், சர்க்கரை, கொலஸ்ட்ரால் ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ளலாம். இரத்த அழுத்தமும் சர்க்கரையும் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கட்டணமின்றிப் பார்க்கப்படுகின்றன. மேலே சொன்னவற்றில் ஒன்றிரண்டு இருப்பவர்கள், எப்போது சோதனை வேண்டும் என்பதைத் தங்கள் மருத்துவரிடம் கேட்டு முடிவெடுக்கலாம். பழைய டி.எம்.டி. அறிக்கையைத் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள். அடுத்த முறை ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டும்.